எச்சில் குழாயில் கல்: சுரப்பியை வெட்டாமல் எடுப்பது எப்படி?

சாப்பிட உட்கார்கிறீர்கள். இரண்டு கவளம் உள்ளே போவதற்குள் தாடைக்குக் கீழே, ஒரு பக்கம் மட்டும், விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்குகிறது. கை வைத்துப் பார்த்தால் சற்றுமுன் இல்லாத ஒரு கட்டி திரண்டு நிற்கிறது. பாதியில் எழுந்து வலியோடு உட்கார்ந்திருந்தால், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரத்தில் வீக்கம் தானாக வடிந்துவிடுகிறது. சரி, போய்விட்டது என்று விட்டுவிடுவீர்கள். அடுத்த வேளைச் சாப்பாட்டில் மறுபடி அதே இடம், அதே வலி.

பல்வலி என்று நினைத்துப் பல் மருத்துவரிடம் போகிறவர்கள் உண்டு. நெறி கட்டியிருக்கிறது என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் நெறி கட்டினால் அது சாப்பாட்டு நேரம் பார்த்து வீங்காது. சாப்பிடும்போது வீங்கி, சாப்பிட்ட பிறகு வடிகிற வீக்கம் என்றால், எச்சில் வரும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே ஒரு சின்னக் கல் உட்கார்ந்திருக்கும்.

முன்பெல்லாம் அந்தக் கல் ஆழத்தில் இருந்தால் சுரப்பியையே வெட்டி எடுத்துவிடுவது வழக்கம். கடந்த முப்பது ஆண்டுகளில் அது மெல்ல மாறியிருக்கிறது. வாய்க்குள் இயற்கையாகவே இருக்கும் துளை வழியாக, ஒரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள கேமராக் குழாயை நுழைத்து, கல்லைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எடுத்துவிடுகிறார்கள். இதன் பெயர் சியாலெண்டோஸ்கோப்பி. எச்சில் குழாய்க்கான எண்டோஸ்கோப்பி என்று புரிந்துகொண்டால் போதும். இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் வலியோடு சாப்பிடுகிறவர்களையும், சுரப்பியை எடுக்கச் சொன்னார்களே என்று பயந்து சிகிச்சையே வேண்டாம் என்று இருப்பவர்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வாசலைப் பார்த்துவிடுவோம்

ஒரு நிமிடம் கண்ணாடி முன் நில்லுங்கள். வாயை நன்றாகத் திறந்து நாக்கின் நுனியை மேலண்ணத்தில் ஒட்டுங்கள். நாக்கின் அடியில் நடுவாக ஒரு மெல்லிய சவ்வு இறங்கி வருவது தெரியும். அது வாயின் அடித்தளத்தைத் தொடும் இடத்தில், இரண்டு பக்கமும் பரு மாதிரி இரண்டு சின்ன மேடுகள் இருக்கும். சுத்தமான துணியால் அந்த இடத்தை ஒற்றி உலர்த்துங்கள். பிறகு தாடை எலும்புக்குக் கீழே, வெளியிலிருந்து, விரலால் மெல்ல மேல்நோக்கி அழுத்துங்கள். மேட்டின் உச்சியில் பளிங்கு மாதிரி ஒரு துளி அரும்பும். துளை கண்ணுக்குத் தெரியாது. துளி எங்கே வருகிறதோ அங்கேதான் துளை.

அதன் விட்டம் அரை மில்லிமீட்டர் அளவுதான். உள்ளே போகப் போகக் குழாய் அதைவிட அகலமாக இருக்கும். வாசல்தான் எல்லாவற்றிலும் குறுகல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல் வெளியே வராமல் சிக்கிக்கொள்வதற்கும் காரணம் இந்த வாசல். மருத்துவர் உள்ளே நுழையத் திணறுவதற்கும் காரணம் இதே வாசல்.

எச்சிலைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் கன்னத்தில் இருப்பது ஒன்று. பள்ளிப் பாடத்தில் இதை மேலண்ணச் சுரப்பி என்று படித்திருப்போம். இருக்கும் இடம் கன்னம் என்பதால் இங்கே கன்னச் சுரப்பி என்றே சொல்கிறேன். பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குவது இதுதான். இரண்டாவது, கீழ்த்தாடைச் சுரப்பி. மூன்றாவது, நாவடிச் சுரப்பி. இவை தவிர, உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கான பொடிச் சுரப்பிகள் பரவிக் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கின்றன. தூங்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. உணவின் வாசனை பட்டாலே பெருக ஆரம்பிக்கும். அடைப்பு இருப்பவருக்குச் சாப்பாட்டு வேளையில் மட்டும் ஏன் வீங்குகிறது என்பது இதிலேயே விளங்கிவிடும். சுரப்பி வேலை செய்கிறது, சுரந்தது வெளியே போக வழியில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கண்ணாடியில் பார்த்தது கீழ்த்தாடைச் சுரப்பியின் குழாய் திறக்கும் இடம். 1656இல் இதை விவரித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டனின் பெயரால் வார்ட்டன் குழாய் என்று அழைக்கிறார்கள். கன்னச் சுரப்பியின் குழாய் வேறு இடத்தில் திறக்கிறது. கன்னத்தின் உட்புறத்தில், மேல்வரிசையின் இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கு நேர் எதிரே நாக்கு நுனியால் துழாவினால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். இது ஸ்டென்சன் குழாய்.

அதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1660இல் ஆம்ஸ்டர்டாமில், நீல்ஸ் ஸ்டென்சன் என்ற 22 வயது டென்மார்க் மாணவர் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தற்செயலாகத் தென்பட்ட ஒரு குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டார். அது வழுக்கிக்கொண்டு போய்ப் பல்லில் மோதும் சத்தம் கேட்டது. கன்னச் சுரப்பியிலிருந்து வாய்க்கு ஒரு வழி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது அந்தச் சத்தத்தில்தான். அவர் சுரப்பிப் பக்கமிருந்து வாய்க்கு வந்தார். இன்றைய மருத்துவர்கள் அதே பாதையில் வாயிலிருந்து சுரப்பியை நோக்கிப் போகிறார்கள்.

கல் எப்படி வருகிறது?

எச்சிலில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைய உண்டு. அவை இருப்பதால்தான் பல்லின் எனாமல் அன்றாடம் படும் சேதத்தை ஓரளவு ஈடுகட்டிக்கொள்ள முடிகிறது. பல்லைக் காக்கிற அதே தாதுக்கள்தான், எச்சில் ஓட்டம் மந்தமாகி ஓரிடத்தில் தேங்கினால், அங்கே இருக்கும் சளித்துணுக்கின் மீதோ உதிர்ந்த செல்களின் மீதோ படிய ஆரம்பிக்கின்றன. ஒரு படலத்தின் மேல் இன்னொரு படலம் என்று மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்கிறது. வெட்டிப் பார்த்தால் வளையம் வளையமாக இருக்கும். மேலே சொன்ன ஸ்டென்சன் பிற்பாடு பாறைகள் அடுக்கடுக்காகப் படிவதை விளக்கி நிலவியலின் முன்னோடிகளில் ஒருவரானார். எச்சில் குழாய்க் கல்லும் அதே முறையில் உருவாவது ஒரு பொருத்தம்தான்.

"கால்சியம் அதிகம் சாப்பிட்டதால் வந்ததா?" என்று பலரும் கேட்பார்கள். இல்லை. இந்தக் கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இரத்தத்தில் கால்சியம் சரியான அளவில்தான் இருக்கும். பாலையோ தயிரையோ நிறுத்துவதால் கல் கரையப் போவதில்லை. தண்ணீர் போதாமல் உடல் வறண்டிருப்பது, எச்சிலைக் குறைக்கும் மாத்திரைகள் சாப்பிடுவது, புகைபிடிப்பது ஆகியவைதான் ஓட்டத்தை மந்தமாக்கும் சங்கதிகள். ஒவ்வாமைக்கான சில மாத்திரைகள், சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் எல்லாம் வாயை உலர்த்தக் கூடியவை. அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பத்தில் எட்டுக் கற்களுக்கு மேல் கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் வருகின்றன. அதன் எச்சில் கன்னச் சுரப்பியின் எச்சிலைவிடக் கொழகொழப்பானது, கால்சியமும் கூடுதல். அதோடு, தாடைக்குக் கீழே சுரந்த எச்சில் சுமார் 5 செ.மீ. தூரம் மேல்நோக்கி ஏறி வந்துதான் வாயை அடைய வேண்டும். ஏற்றம், கெட்டியான எச்சில், கடைசியில் ஊசிமுனை வாசல். தேங்குவதற்கு இதைவிடத் தோதான அமைப்பு வேண்டுமா?

கன்னச் சுரப்பியின் கதை வேறு. அங்கே கல் குறைவு. குழாயே சுருங்கிப்போவதும் சளி அடைப்பதும் அதிகம். அதைப் பற்றிக் கொஞ்சம் பிறகு.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

காது மூக்கு தொண்டை மருத்துவர் கையுறை போட்ட ஒரு விரலை வாய்க்குள் நாக்கடியிலும் மறு கையைத் தாடைக்குக் கீழேயும் வைத்து, பின்பக்கமிருந்து முன்பக்கமாக உருட்டிப் பார்ப்பார். முன்னாலிருந்து பின்னால் தடவினால் கல் இன்னும் உள்ளே நகர்ந்துவிடலாம், அதனால் இந்தத் திசை. குழாயின் முன்பகுதியில் இருக்கும் கல் பல நேரம் விரலிலேயே தட்டுப்பட்டுவிடும். அப்புறம் அல்ட்ராசவுண்ட். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, 2 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களைப் பெரும்பாலும் காட்டிவிடும். அதில் தெளிவில்லை என்றால் சி.டி. ஸ்கேன். சாதாரண எக்ஸ்ரேயில் எல்லாக் கற்களும் தெரிவதில்லை. குறிப்பாகக் கன்னச் சுரப்பிக் கற்கள் பல தப்பித்துவிடும். "எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றும் இல்லை என்றார்கள்" என்பதை வைத்து மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். எம்.ஆர்.ஐ.யில் இன்னொரு வசதி: எச்சிலையே சாயம்போலப் பயன்படுத்திக் குழாயின் முழுப் படத்தையும் வரைந்துவிடலாம்.

எல்லோருக்கும் உடனே கருவியை விட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல் சின்னதாக, வாசலுக்கு அருகில் இருந்தால், நிறையத் தண்ணீர் குடிப்பது, வெந்நீர் ஒத்தடம், சுரப்பியைப் பின்னாலிருந்து வாசலை நோக்கி நீவிவிடுவது, புளிப்பு மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு எச்சிலைப் பெருக்குவது, இதிலேயே கல் தானாக வெளியே வந்து விழுவதும் உண்டு. நாக்கில் மணல் மாதிரி ஏதோ நெருடியது, துப்பிப் பார்த்தால் கல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முழுதாக அடைத்துக்கொண்டிருக்கும்போது புளிப்பைச் சாப்பிட்டால் வலி உயிர் போகும். வீக்கம் வடியாமல் வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

தோல் சிவந்து, காய்ச்சல் அடித்து, வாசலில் துளிக்குப் பதிலாகச் சீழ் வந்தால் அது நோய்த்தொற்று. அப்போது ஆன்டிபயாடிக் தேவை. வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். வாயின் அடித்தளத்தில் பரவும் தொற்று மூச்சுப்பாதையை அடைக்கக்கூடியது.

ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு கேமரா

சியாலெண்டோஸ்கோப் என்ற கருவிகள் 0.8 மி.மீ.யிலிருந்து 1.6 மி.மீ. வரை பல தடிமன்களில் வருகின்றன. ஏ.டி.எம். கார்டை ஓரத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் தடிமன் 0.76 மி.மீ. மிகச் சின்ன எண்டோஸ்கோப் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தத் தடிமனுக்குள் வெளிச்சம் கொண்டுபோகும் இழைகள், படத்தைத் திருப்பிக் கொண்டுவரும் ஆயிரக்கணக்கான இழைகள், தண்ணீர் பாய்ச்ச ஒரு கால்வாய் எல்லாம் அடங்கியிருக்கின்றன. சற்றுப் பெரிய வகைகளில் கருவிகளை விட்டெடுக்க இன்னொரு கால்வாயும் உண்டு. குழாய் முழுக்க விறைப்பாகவும் இருக்காது, கயிறு மாதிரி தொய்வாகவும் இருக்காது. லேசாக வளைந்து கொடுக்கும்.

இது ஒரே நாளில் வந்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் பாரிஸில் பிலிப் காட்ஸ் போன்றோர் மெல்லிய கேமராக்களை எச்சில் குழாய்க்குள் விட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். இஸ்ரேலில் ஓடெட் நஹ்லியேலி, ஜெனீவாவில் பிரான்சிஸ் மார்ஷல் ஆகியோர் கருவிகளையும் முறைகளையும் செம்மைப்படுத்தினார்கள். அதற்கு முன்பு குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் தெரியும் நிழல்தான் ஆதாரம்.

சிகிச்சை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சின்ன, எளிதான அடைப்புக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போதும். குழந்தைகளுக்கும் சிக்கலான கற்களுக்கும் முழு மயக்கம் கொடுப்பார்கள். வாயை ஒரு தாங்கி திறந்து பிடித்திருக்கும்.

முதல் வேலை வாசலைத் திறப்பது. பார்க்க அற்பமாகத் தெரியும் இந்தக் கட்டம்தான் அனுபவம் வாய்ந்த கைகளையும் சோதிக்கிறது. துளை கண்ணுக்குத் தெரியாது என்று முன்பே பார்த்தோம். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி அணிந்த மருத்துவர், வெளியிலிருந்து சுரப்பியை அழுத்தச் சொல்லி, துளி எங்கே அரும்புகிறது என்று காத்திருப்பார். அரும்பிய இடத்தில் முடி மாதிரி மெல்லிய கம்பி ஒன்றை வைத்து, துளி வந்த வழியே உள்ளே வழுக்கவிடுவார். அது போனதும் சற்றுத் தடிமனானது. பிறகு அதைவிடத் தடிமனானது. படிப்படியாக வாசல் விரிகிறது. அவசரப்பட்டுக் குத்தினால் கம்பி குழாயை விட்டு விலகிப் பக்கத்துத் திசுவுக்குள் பொய்வழி ஒன்றை உண்டாக்கிவிடும். அப்படி ஆனால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு, ஆறிய பிறகு இன்னொரு நாள் வரச் சொல்வதும் உண்டு. நிறுத்தத் தெரிந்த மருத்துவர் நல்ல மருத்துவர் என்றே நான் சொல்வேன்.

வாசல் விரிந்ததும் எண்டோஸ்கோப் உள்ளே போகிறது. வழியெல்லாம் சலைன் என்ற உப்புநீர் பாய்ந்துகொண்டே இருக்கும். காற்றில்லாமல் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் குழாய் அந்தத் தண்ணீரில்தான் விரிந்து பாதையாகிறது. திரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சுரங்கம் தெரியும். சுவரில் நூல் நூலாக இரத்த நாளங்கள். பஞ்சுத் துணுக்குகள் மாதிரி வெள்ளைச் சளி எதிரே மிதந்து வரும். மேலும் போனால் சுரங்கம் இரண்டாக, நாலாகக் கிளை பிரியும். அங்கே, ஒரு திருப்பத்தில், வெளிர்மஞ்சள் நிறத்தில் கரடுமுரடாக ஏதோ வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதுதான் இத்தனை நாளாகச் சாப்பாட்டு வேளையைப் பாழாக்கிய கல். திரையில் மலைபோலத் தெரிந்தாலும் அதன் நிஜ அளவு 3 மி.மீ. இருக்கலாம்.

கல் அசையக் கூடியதாக இருந்தால் வேலை சுலபம். கால்வாய் வழியாக, மடக்கிய குடை மாதிரி சுருங்கிய ஒரு கம்பிக் கூடையை அனுப்புவார்கள். கல்லைத் தாண்டிப் போனதும் கூடை விரியும். மெல்லப் பின்னால் இழுத்தால் கல் கம்பிகளுக்குள் வந்து உட்காரும். கூடையைச் சுருக்கி, கருவியோடு சேர்த்து வாசல்வரை கொண்டுவந்து, தேவையானால் வாசலில் சின்னதாக ஒரு கீறல் போட்டு வெளியே எடுப்பார்கள்.

இங்கேதான் அளவு முக்கியம். கீழ்த்தாடைக் குழாயில் 4 மி.மீ. வரையும் கன்னக் குழாயில் 3 மி.மீ. வரையும் உள்ள கற்களை இப்படி முழுதாக எடுக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அதைவிடப் பெரியதைப் பேராசையோடு கூடையில் பிடித்தால், கல்லும் வெளியே வராது, கூடையும் கழன்றுகொள்ளாது. இரண்டும் சேர்ந்து குழாய்க்குள் மாட்டிக்கொள்ளும். வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். அதனால்தான் முன்கூட்டியே ஸ்கேனில் கல்லை அளந்துவிட்டு உள்ளே போகிறார்கள்.

நடுத்தரக் கற்களை உள்ளேயே உடைக்கலாம். ஹோல்மியம் லேசர் இழையைக் கல்லின் மேல் வைத்துச் சிறிது சிறிதாகப் பொடியாக்கி, துண்டுகளைக் கூடையால் எடுக்கலாம். மிச்சத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு வரும். லேசரின் சூடு குழாய்ச் சுவரைப் பொசுக்கிவிடாதபடி சலைன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சில இடங்களில் சிறுநீரகக் கல்லுக்குச் செய்வதைப் போல வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்தும் உடைக்கிறார்கள்.

கல் 7, 8 மி.மீ.யையும் தாண்டிவிட்டால்? அப்போதும் பெரும்பாலும் சுரப்பியை எடுக்கத் தேவையில்லை. எண்டோஸ்கோப்பால் இடத்தைக் கண்டுபிடித்து, வாயின் உட்புறத்திலேயே ஒரு கீறல் போட்டு, குழாயைத் திறந்து கல்லை எடுக்கலாம். இது கேட்கும்போது எளிது. ஆனால் நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்தக் குழாயின் அடியில் குறுக்கே வளைந்து போகிறது. அதை முதலில் கண்ணால் பார்த்து ஒதுக்கி வைத்த பிறகுதான் கத்தி குழாயைத் தொட வேண்டும். கன்னச் சுரப்பியில் பெரிய கல் என்றால் காதோரமாகத் தோலைத் திறப்பார்கள். எண்டோஸ்கோப்பின் வெளிச்சம் குழாய்க்குள்ளிருந்து தோலடியில் ஒளிர்ந்து, கல் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சுரப்பி இருந்த இடத்திலேயே இருக்கும்.

சுரப்பியைக் காப்பாற்றுவது ஏன் இவ்வளவு முக்கியம்?

கீழ்த்தாடைச் சுரப்பியை வெட்டி எடுக்கும்போது அருகில் மூன்று நரம்புகள் இருக்கின்றன. ஒன்று கீழுதட்டின் ஓரத்தை அசைப்பது, ஒன்று நாக்கை அசைப்பது, ஒன்று நாக்கின் உணர்ச்சிக்கானது. கன்னச் சுரப்பிக்குள்ளோ முகத்தை அசைக்கும் நரம்பே கிளை கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. தேர்ந்த அறுவை நிபுணர் கையில் ஆபத்து குறைவு என்றாலும் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. கழுத்திலோ காதோரத்திலோ தழும்பு விழும். கன்னச் சுரப்பி அறுவைக்குப் பின் சாப்பிடும்போதெல்லாம் அந்தக் கன்னம் வியர்க்கும் ஒரு விசித்திரத் தொந்தரவும் சிலருக்கு வரும்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு சுரப்பியை எடுத்ததற்கு ஒரு நம்பிக்கை காரணமாக இருந்தது: கல் அடைத்து, பலமுறை வீங்கி வடிந்த சுரப்பி எப்படியும் செத்துப்போயிருக்கும், இனி பயனில்லை என்ற நம்பிக்கை. அது தவறு என்று பின்னால் தெரிந்தது. கல்லுக்காக வெட்டி எடுத்த சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, கணிசமானவை ஏறக்குறைய இயல்பான நிலையிலேயே இருந்தன. அடைப்பை நீக்கிய சுரப்பிகள் மீண்டும் சுரக்கத் தொடங்குவதும் பரிசோதனைகளில் உறுதியானது. குற்றம் செய்தது குழாயில் உட்கார்ந்த கல். தண்டனை சுரப்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது உண்மை.

சிகிச்சை எவ்வளவு பலிக்கிறது? பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 2012இல் வெளியான ஒரு மதிப்பாய்வின்படி, எண்டோஸ்கோப்பி மட்டும் செய்ததில் சுமார் 86 விழுக்காடு, சின்ன அறுவையையும் சேர்த்துச் செய்ததில் சுமார் 93 விழுக்காடு வெற்றி கிடைத்திருக்கிறது.

கல்லே இல்லாத அடைப்புகள்

எல்லா வீக்கத்துக்கும் கல் காரணமில்லை. குழாய் ஓரிடத்தில் சுருங்கித் தழும்பேறிப் போயிருக்கலாம். அப்போது எண்டோஸ்கோப்பாலேயோ சின்ன பலூனாலேயோ அந்த இடத்தை விரித்துவிட்டு, மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஸ்டென்ட் என்ற மெல்லிய குழல் ஒன்றைச் சில வாரங்கள் உள்ளே விட்டுவைப்பார்கள்.

குழந்தைகளுக்கு வரும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் 3 முதல் 6 வயதுக்குள், ஒரு கன்னமோ இரண்டுமோ வீங்கும், காய்ச்சல் வரும், சில நாளில் சரியாகும். சில மாதம் கழித்து மறுபடியும். முதல் முறை பொன்னுக்கு வீங்கி என்று நினைப்போம். மூன்றாவது, நாலாவது முறையும் வந்தால் அது வேறு: அடிக்கடி திரும்பும் கன்னச் சுரப்பி அழற்சி. உள்ளே பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய குழாய்ச் சுவர் இரத்த நாளங்கள் தெரியாமல் வெளிறிப்போயிருக்கும். சலைனால் நன்றாகக் கழுவி, சில சமயம் ஸ்டீராய்டு மருந்தையும் செலுத்தினால், வீக்கம் வரும் தடவைகள் வெகுவாகக் குறைகின்றன. பூப்பெய்தும் வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே நின்றுவிடும். அதுவரை ஒவ்வொரு முறையும் பள்ளியை விட்டு, ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் குழந்தை அவதிப்பட வேண்டுமா என்பதுதான் பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்துக்கொண்ட சிலருக்கும் கன்னம் வீங்கும். எச்சில் சுரப்பியும் அயோடினை இழுத்துக்கொள்ளும் என்பதே காரணம். மருந்து, நீவுதல் எதற்கும் மசியாதபோது இவர்களுக்கும் கழுவிவிடும் இந்த முறை கைகொடுக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரென் நோயில் குழாய்க்குள் சேரும் சளியை அகற்றவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சாப்பாட்டோடு தொடர்பில்லாமல், வலியே இல்லாமல், வடியாமல் அப்படியே நிற்கிற கட்டி வேறு ரகம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ கட்டி மெல்ல வளர்ந்துகொண்டே போனாலோ, அடைப்பாக இருக்கும் என்று நீவிக்கொண்டிருக்காமல் உடனே காட்டிவிடுங்கள். சுரப்பியில் புற்றுக்கட்டி உள்ளிட்ட கட்டிகளும் வரும்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

சீழும் காய்ச்சலும் உள்ள நேரத்தில் கருவியை விடமாட்டார்கள். அழற்சியில் குழாய்ச் சுவர் ஊறிய காகிதம் மாதிரி இருக்கும், எளிதில் கிழிந்துவிடும். தொற்று அடங்கும்வரை காத்திருக்கச் சொன்னால் அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கல் எத்தனை மி.மீ.? குழாயின் முன்பக்கமா, சுரப்பியின் உள்ளேயா? எண்டோஸ்கோப்பி மட்டும் போதுமா, கீறலும் வேண்டிவருமா? எடுக்க முடியாவிட்டால் அடுத்து என்ன? சுரப்பியை எடுக்கத்தான் வேண்டும் என்று சொன்னால், இந்தச் சிகிச்சை செய்யும் இன்னொருவரிடமும் ஸ்கேனைக் காட்டிக் கருத்துக் கேட்பதில் தவறே இல்லை. சுரப்பிக்குள் மிக ஆழத்தில் புதைந்த கற்களுக்கு எடுப்பதே சரியான வழியாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலோர் அன்றைக்கே, அல்லது மறுநாள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கண்விழித்ததும் கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிடாதீர்கள். உள்ளே பாய்ச்சிய சலைனால் சுரப்பி முன்பைவிடப் பெரிதாக வீங்கியிருக்கும். ஓரிரு நாளில் வடிந்துவிடும். நாக்கு நுனியில் சிலருக்குச் சில காலம் மரத்த உணர்வு இருக்கலாம். குழாயில் கிழிசல், பின்னாளில் வாசல் சுருங்கிப்போவது, நாக்கடியில் நீர்க்கட்டி, மறுபடி கல் உருவாவது ஆகியவை அபூர்வமாகவோ அவ்வப்போதோ நடக்கக்கூடியவை. வாயின் அடித்தளம் வேகமாக வீங்கி மூச்சுக்குச் சிரமமாக இருந்தால் உடனே சொல்ல வேண்டும்.

பிறகு உங்கள் வேலை ஒன்றுதான்: எச்சிலை ஓடவிடுவது. தண்ணீர் குடிக்க வேண்டும். மருத்துவர் காட்டிக் கொடுத்தபடி, பின்னாலிருந்து முன்னால், நாளுக்குச் சில முறை நீவிவிட வேண்டும். புளிப்பு எதையாவது வாயில் போட்டுச் சுரப்பியை வேலை செய்ய வைக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்திருந்தால் நாக்கால் அதைத் துழாவிக்கொண்டிருக்கக் கூடாது. கையை வைக்கவே கூடாது. சில வாரம் கழித்து மறுபரிசோதனையில் மருத்துவர் நாக்கைத் தூக்கச் சொல்லி, தாடைக்குக் கீழே அழுத்திவிட்டு, அந்தச் சின்ன மேட்டில் தெளிந்த துளி அரும்புகிறதா என்று பார்ப்பார். வீக்கம் திரும்பினால், குழாய் இருக்கிறது, வாசல் இருக்கிறது; இன்னொரு முறை உள்ளே போய்ப் பார்க்கலாம்.